டேப்பா, லேப்டாப்பா? வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறாள். 50,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். கடையில் கீபோர்டு சேர்ந்த ஆண்ட்ராய்டு டேப் ஒன்றையும், 'ரைசன் 5' லேப்டாப் ஒன்றையும் காட்டினார்கள். டேப் எடை குறைவாக, கையில் பிடிக்க நன்றாக இருக்கிறது. எதை வாங்குவது?
— மாணவியின் தந்தை, நாமக்கல்

பதில்: லேப்டாப்தான், யோசிக்கவே வேண்டாம். சி, பைத்தான் என்று தொடங்கி ஜாவா, டேட்டாபேஸ், வெர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது) என்று பாடம் போகும். ஆண்ட்ராய்டுக்கு ஆப் எழுத உதவும் 'ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ'வே விண்டோஸ், மேக், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில்தான் ஓடும். ஆண்ட்ராய்டு டேப்பில் ஓடாது. கீபோர்டு சேர்த்துவிட்டால் தட்டச்சு எளிதாகும். ஓடாத மென்பொருள் அதனால் ஓடிவிடாது.

ஆனால் 'ரைசன் 5' என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்கிவிடாதீர்கள். அட்டையின் மேல் இருக்கும் முழு எண்ணைப் பாருங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் முதல் எண் எந்த ஆண்டின் வரிசை என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். சிப்பின் உள்கட்டமைப்பு எவ்வளவு பழையது என்பதைச் சொல்வது மூன்றாவது எண். 7520யூ என்றால் மூன்றாவது எண் 2. அது 2019-ல் வந்த 'ஜென் 2' வடிவமைப்பு, நான்கு கோர் (சிப்பில் கணக்குப் போடும் பகுதி). 7530யூ என்றால் 'ஜென் 3', ஆறு கோர். பெயரில் பத்துதான் வித்தியாசம். வேலையில் ஒரு தலைமுறையும் இரண்டு கோரும் வித்தியாசம். இரண்டையும் கடையில் 'ரைசன் 5' என்றே சொல்வார்கள்.

இன்டெலிலும் இதே கவனம் வேண்டும். ஐ3-1215யூ சிப்பில் வேகமான கோர் இரண்டு, சிக்கனமான கோர் நான்கு. ஐ5-1235யூ, ஐ5-1334யூ இரண்டிலும் வேகமானவை இரண்டு, சிக்கனமானவை எட்டு. ஐ3-என்305 என்பதிலோ எட்டும் சிக்கன கோர்கள்தான். எழுதப் படிக்கப் போதும், புரோகிராம் கம்பைல் செய்யும்போது இழுக்கும். எண்ணின் முடிவில் 'யூ' என்றால் 15 வாட் வகை, பேட்டரி தாங்கும். 'எச்' என்றால் 45 வாட் வகை. வேகம் கூடும், சூடும் விசிறிச் சத்தமும் கூடும். விடுதியில் தங்கி, வகுப்புக்குத் தினமும் தூக்கிப்போகிற பெண்ணுக்கு 'யூ' வகையே பொருந்தும்.

அடுத்தது ரேம், அதாவது ஓடும் மென்பொருள்கள் தங்கும் தற்காலிக நினைவகம். நான்காண்டு படிப்புக்கு 16 ஜிபி இருந்தால் நல்லது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை மிகவும் ஏறிவிட்டதால் 8 ஜிபி மாடலே பட்ஜெட்டுக்குள் வரலாம். அப்படியானால் பின்னால் கூட்ட இடம் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் '1 ஆஃப் 2' என்றிருந்தால் ஒரு ஸ்லாட் காலி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அந்த ரேம் போர்டோடு பற்றவைத்தது, கழற்றி மாற்ற முடியாது. மேலே சொன்ன 7520யூ லேப்டாப்களில் ரேம் எப்போதும் பற்றவைத்ததுதான். 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபி.

ஒரே ஸ்லாட்டில் ரேம் இருந்தால் கிராஃபிக்ஸ் வேகமும் குறையும். அதனால்தான் இன்டெலின் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று விளம்பரப்படுத்திய லேப்டாப்பிலேயே, ஒற்றை ரேம் இருக்கும்போது விண்டோஸ் அதை 'யூஎச்டி கிராஃபிக்ஸ்' என்று காட்டும். இரண்டாவது ரேமைப் போட்டதும் பெயரும் மாறும், வேகமும் கூடும்.

கடைசியாகத் திரை. நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, என்டிஎஸ்சியும் எஸ்ஆர்ஜிபியும் நிறங்களின் வீச்சைச் சொல்பவை. '250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் நிறங்கள் வெளுத்துத் தெரியும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் படிக்கக் கண் வலிக்கும். 300 நிட்ஸும் '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி'யும் கிடைத்தால் ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம். நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கப் போவது அந்தத் திரையைத்தான்.

கேள்வி: 12,000 ரூபாய் டேப் ஒன்றில் '8 + 8 = 16 ஜிபி ரேம்' என்று போட்டிருக்கிறதே, உண்மையா?
— வாசகர், கரூர்

பதில்: ரேம் 8 ஜிபிதான். மீதி 8, ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கிக் காட்டுவது. ஓய்வில் இருக்கும் ஆப்களை அங்கே தள்ளிவைப்பார்கள். ரேமோடு ஒப்பிட்டால் ஸ்டோரேஜ் மிக மெதுவானது. அதுவும் இஎம்எம்சி வகையாக இருந்தால் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. அந்த '+ 8'-க்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வுக்குத் தயாராகிறேன். பாடநூல் பிடிஎஃப் படிக்கவும், ஓரத்தில் கையால் குறிப்பெழுதவும் டேப் வேண்டும். ஐபேடா, சாம்சங்கா? 8.7 அங்குலம் போதுமா?
— தேர்வர், மதுரை

பதில்: உங்கள் வேலைக்கு டேப் சரியான தேர்வு. முதலில் அளவு. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 8.7 அங்குல டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 11 செ.மீ. சொச்சம்தான், அதாவது பக்கம் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கும். ஒவ்வொரு பத்தியையும் விரலால் பெரிதாக்கி நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். சாம்சங் டேப் எஸ்10 எஃப்இ-யில் அகலம் 14.7 செ.மீ. அளவு, 2025-ல் வந்த ஏ16 சிப் ஐபேடில் 15.7 செ.மீ. அளவு. 8.7 அங்குலம் வேண்டாம்.

விலையைப் பேனாவோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஐபேடின் அறிமுக விலை 34,900. யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் 7,900. மொத்தம் 42,800. எஸ்10 எஃப்இ-யின் அறிமுக விலை 42,999, எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வரும். ஆகவே 'ஐபேட் எட்டாயிரம் மலிவு' என்ற கணக்கு கையெழுத்துக்காரர்களுக்குப் பொருந்தாது. யூஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. எஸ் பென்னுக்குத் தெரியும். படம் வரைபவருக்கு அது பெரிது, குறிப்பெழுதுபவருக்கு அவ்வளவு இல்லை. அதைவிட முக்கியம், இந்த ஐபேடில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி உண்டு. பேனா முனைக்கும் விழும் கோட்டுக்கும் சிறு விலகல் தெரியும், தட்டும்போது டொக்கென்று சத்தமும் வரும். சிலருக்கு இரண்டு நாளில் பழகிவிடும், சிலருக்குக் கடைசி வரை உறுத்தும். கடையில் பத்து வரி எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். ஐபேடின் சிப் வேகமானது. டேப் எஸ்10 எஃப்இ ஐபி68 தரம், தண்ணீர் கொட்டினாலும் தாங்கும். பிடிஎஃப், குறிப்பு இரண்டுக்கும் அந்தச் சிப் வேகம் தேவைப்படாது. எங்கள் ஓட்டு சாம்சங்குக்கு.

300 ரூபாய் ரப்பர் முனைப் பேனா வாங்கி மலிவு டேப்பில் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது டேப்புக்கு இன்னொரு விரல். உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழும், கையைத் தூக்கிக்கொண்டே எழுத வேண்டும்.

முதன்மைத் தேர்வுக்கான விடைகளை மட்டும் தாளில் எழுதிப் பழகுங்கள். மூன்று மணி நேரம் தாளில் எழுதும் கை வேறு, கண்ணாடியில் வழுக்கி எழுதும் கை வேறு.

கேள்வி: சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி, ஜிஎஸ்டி தாக்கல், எக்செல் இவைதான் வேலை. கீபோர்டு போட்ட டேப் போதுமா? ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் பேட்டரி நாள் முழுக்க வரும் என்கிறார்களே?
— கணக்காளர், திருப்பூர்

பதில்: டேப் போதாது. டேலி பிரைம் விண்டோஸுக்கானது. டேப்பில் பிரவுசர் வழியாக ரிப்போர்ட் பார்க்கலாமே தவிர, வவுச்சர் போட்டு வேலையை நடத்த முடியாது.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்கள் 2024-ல் வந்தவை, பேட்டரி உண்மையிலேயே நன்றாக நிற்கும். ஆனால் உங்கள் தொழிலுக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அதன் சிப், போன்களில் இருப்பது போன்ற ஏஆர்எம் வகை. சாதாரண விண்டோஸ் மென்பொருளை 'பிரிசம்' என்ற மொழிமாற்றி அதில் ஓட்டிக்கொடுக்கும். டிரைவர்களை, அதாவது வெளியே செருகும் கருவிகளை இயக்கும் மென்பொருளை, அப்படி ஓட்ட முடியாது. ஏஆர்எம்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். கம்பெனிகளுக்கும் எல்எல்பிகளுக்கும் ஜிஎஸ்டி தாக்கலில் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்தக் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி டோக்கனுக்கு ஏஆர்எம் டிரைவர் இல்லையென்றால் கெடு நாளான 20-ம் தேதி இரவு தாக்கல் நின்றுவிடும். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், கைரேகைக் கருவி எல்லாவற்றுக்கும் இதே சிக்கல். டோக்கன் வைத்து வேலை செய்பவர் இன்டெல் அல்லது ஏஎம்டி வாங்குவதே நிம்மதி.

15.6 அங்குல மாடலாகப் பாருங்கள். 14 அங்குலத்தில் பெரும்பாலும் வலப்பக்க எண் விசைகள் இருக்காது. நாளுக்கு நூறு வவுச்சர் போடுபவருக்கு அது இல்லாமல் கை ஓடாது. இன்னொன்று, டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ். புது லேப்டாப்பில் இவற்றை அழுத்தினால் வெளிச்சம் கூடும், ஒலி குறையும். பல மாடல்களில் எஃப்என், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் அவை பழையபடி எஃப் விசைகளாகிவிடும்.

பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்குங்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். எடுத்தால் அந்த வரித் தொகையைச் சொத்து மதிப்பில் சேர்த்துத் தேய்மானம் கோரக் கூடாது. இது உங்களுக்குத் தெரிந்ததே, ஆனால் சொந்த லேப்டாப் என்றால் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: புது டேப்பில் யூடியூப் தெளிவாக இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. திரை பழுதா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: திரை நன்றாகத்தான் இருக்கிறது. டேப்புக்கு 'வைட்வைன் எல்1' என்ற, படத்தைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்புச் சான்று இல்லாமல் இருக்கும். எல்3 என்ற கீழ்நிலை மட்டும் உள்ள கருவிகளுக்குக் கட்டணத் தளங்கள் 480பி அளவில்தான் படம் அனுப்பும். நெட்ஃபிளிக்ஸ் ஆப் செட்டிங்ஸில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பகுதியைப் பாருங்கள். எல்3 என்றிருந்தால், மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளியில் தமிழாசிரியர். பழைய வினாத்தாள்கள் எல்லாம் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருக்கின்றன. டேப்பில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகின்றன. டேப்பை விற்றுவிட்டு லேப்டாப் வாங்க வேண்டுமா?
— ஆசிரியர், தேனி

பதில்: கோப்பு கெடவில்லை, பதறாதீர்கள். பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. ஆண்ட்ராய்டு வேர்டில் நாமாக எழுத்துருவைச் சேர்க்க வழியில்லை. எனவே பழைய கோப்புகளைத் திருத்த விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். பள்ளியில் இருப்பதே போதும், இதற்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

அங்கே உட்கார்ந்து, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிவிடுங்கள். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. மாற்றும்போது முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போடாதீர்கள். வினாத்தாளில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்று நினைத்து அது தமிழாக்கிக் குழப்பிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக எடுத்து மாற்றி, திரும்ப ஒட்டுங்கள். பிறகு மாற்றிய கோப்பு டேப், போன், லேப்டாப் எதிலும் ஒரே மாதிரி திறக்கும்.

கேள்வி: எங்கள் பக்கம் மின்வெட்டு அதிகம். டேப்பில் 8000 எம்ஏஎச், லேப்டாப்பில் 50 வாட்-அவர் என்று போட்டிருக்கிறது. எப்படி ஒப்பிடுவது?
— வாசகர், ராமநாதபுரம்

பதில்: எம்ஏஎச்சை வோல்ட்டேஜால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர். 8000 × 3.85 ÷ 1000 = 30.8. லேப்டாப் பேட்டரிதான் பெரிது. ஆனால் எழுதப் படிக்க லேப்டாப் 8 வாட் அளவில் இழுத்தால் 6 மணி நேரம், டேப் 4 வாட் இழுத்தால் ஏழரை மணி நேரத்துக்கும் மேல். டேப்பைச் சாதாரண பவர் பேங்கிலேயே ஏற்றலாம் என்பது கூடுதல் வசதி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-அவர். வழியில் மூன்றில் ஒரு பங்கு வீணானாலும் டேப்பை ஒன்றரை முறை நிரப்பும். லேப்டாப்புக்கு யூஎஸ்பி-சி சார்ஜிங்கும், 65 வாட் தரும் பவர் பேங்கும் வேண்டும்.

கேள்வி: அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி இருக்கிறது, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க். திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. தூக்கிப்போட்டுவிட்டு 15,000-க்கு டேப் வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், விழுப்புரம்

பதில்: தட்டச்சு, இணையம், கொஞ்சம் புரோகிராம் என்றால் அந்த மடிக்கணினியையே மீட்கலாம், 15,000 ரூபாய் டேப்பைவிடப் பயன்படும். மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஹார்டு டிஸ்க். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்கு நூறு தடவை அளவில்தான் அதனால் தேடி எடுக்க முடியும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் செய்யும். ரேமுக்கு முன்னால் எஸ்எஸ்டிக்குக் காசு போடுங்கள்.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மி.மீ. தடிமன், 256 ஜிபி. கோப்புகளை முதலில் நகலெடுத்து வையுங்கள். பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. ஹார்டு டிஸ்க்கின் தகரச் சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பூட்டுங்கள். அதை விட்டுவிட்டால் எஸ்எஸ்டி உள்ளே ஆடி இணைப்பு விட்டுப்போகும். ரேம் கூட்டுவதானால் டிடிஆர்3எல்லா, டிடிஆர்4-ஆ என்று பழைய ரேமின் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை வேண்டும், உங்களுடையது பெரும்பாலும் அதைவிடப் பழையதாக இருக்கும். ஆகவே இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-ல், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2029 ஏப்ரல் வரை அப்டேட் வரும். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதி, இயக்கும்போது எஃப்12 அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏசர் மாடலில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் பயாஸ் என்ற, கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு'வை இயக்கிவிடுங்கள்.

மூடியைத் திறக்கும்போது பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. கழற்றி மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கீல் உடைந்து திரையும் போயிருந்தால் மட்டும் செலவு செய்ய வேண்டாம்.