எக்ஸ்ரே நார்மல், ரத்த டெஸ்ட் நெகட்டிவ், அப்புறம் எதுக்கு கைக்கு ஸ்கேன்?

கேள்வி: எனக்கு 41 வயசு, வீட்டுலயே டெய்லரிங் பண்றேன். ரெண்டு மாசமா காலைல எந்திரிச்சா ரெண்டு கையும் மடக்க வரல, பாட்டில் மூடி கூட திறக்க முடியல, சரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. எக்ஸ்ரே நார்மல், முடக்குவாதத்துக்கு பாக்கற ரத்த டெஸ்ட் ஆர்.ஏ ஃபேக்டரும் நெகட்டிவ். தையல் மெஷின்ல உக்காந்தே இருக்கறதால வர்ற வலின்னு ஒரு டாக்டர் மாத்திரை குடுத்தாரு. இன்னொருத்தர் கைக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்க சொல்றாரு. அது வயித்துக்கு எடுக்கறது தானே, வீண் செலவா?

பதில்: வீண் செலவு இல்லங்க, உங்களுக்கு இப்ப எடுக்கறது நல்லது.

முதல்ல ஒண்ணு. தையலால வர்ற வலின்னா வேலை முடிச்சு சாயங்காலம் தான் அதிகமா இருக்கும், காலைல தூங்கி எந்திரிச்சா கொஞ்சம் தேவலையா இருக்கும். உங்களுக்கு தலைகீழா இருக்கு, அதுவும் ரெண்டு கையிலயும், அதனால முடக்குவாதமா இருக்குமோன்னு சந்தேகப்பட்டே ஆகணும். ஆர்.ஏ ஃபேக்டர் நெகட்டிவ்னு நிம்மதியா இருந்துடாதீங்க, முடக்குவாதம் உள்ளவங்கள்ல நாலஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு அது நெகட்டிவா தான் வரும். முடக்குவாதத்துக்கே பாக்கற இன்னொரு ரத்த டெஸ்ட் ஆன்டி சிசிபி, உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற சிஆர்பி, இந்த ரெண்டும் பாத்தாங்களான்னு ரிப்போர்ட்ட எடுத்து பாருங்க.

இப்ப எக்ஸ்ரே விஷயம். அதுல தெரியறது எலும்பு, ஆனா இந்த நோய் ஆரம்பிக்கறது எலும்புல இல்ல, மூட்டுக்கு உள்பக்கமா மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், அது வீங்கி தடிச்சு அப்புறமா தான் எலும்ப அரிக்கும், அரிச்சப்புறம் படத்துல தெரிஞ்சு என்ன பிரயோஜனம். அந்த அரிப்ப கூட எக்ஸ்ரே நிறைய விட்டுடும். இங்கிலாந்துல லீட்ஸ் ஊர்ல ரிச்சர்ட் வேக்ஃபீல்டுன்னு ஒரு ருமட்டாலஜி (மூட்டு வாத நோய்) டாக்டரும் அவரோட டீமும் முடக்குவாதம் இருக்கற 100 பேரோட விரல் அடிமுட்டிய ரெண்டு விதமாவும் பாத்து 2000ல வெளியிட்டாங்க. எக்ஸ்ரேல 17 பேருக்கு 32 அரிப்பு தெரிஞ்சுது, அல்ட்ராசவுண்ட்ல 56 பேருக்கு 127. நோய் புதுசா வந்தவங்கள மட்டும் எடுத்தா வித்தியாசம் இன்னும் அதிகம், ஆறரை மடங்கு.

வயித்துக்கு எடுக்கற அதே மெஷின் தான், ஆனா தோல் மேல வெச்சு பாக்கற கருவி, அதான் புரோப், அது வேற, தோலுக்கு கிட்டக்க இருக்கறத நுணுக்கமா காட்டும். சவ்வு தடிச்சிருக்கா, நீர் கோத்திருக்கா, நரம்புன்னு நாம சொல்ற தசைநார் உறையில வீக்கமான்னு எல்லாம் தெரியும். அப்புறம் பவர் டாப்ளர்னு ஒண்ணு போடுவாங்க, அழற்சி இருக்கற இடத்துல ரத்த ஓட்டம் கூடி சிவப்பு சிவப்பா புள்ளி வரும், அதுக்கு 0ல இருந்து 3 வரை மார்க். புரோப்ப அழுத்தி வெச்சா அந்த ரத்த ஓட்டமே அமுங்கி ஒண்ணும் இல்லாத மாதிரி தெரியும், அதனால மூட்டு ஸ்கேன் பழக்கமா பண்றவங்க கிட்ட போங்க, இத நான் ரொம்ப வற்புறுத்தி சொல்வேன். ஸ்கேன்ல லேசா 1 போட்டிருந்தா உடனே பயப்படவும் வேணாம், நோயே இல்லாதவங்களுக்கும் அப்படி வரும், கால் கட்டைவிரல்ல ரொம்ப சகஜம்.

சரி, அவ்ளோ நல்லதுன்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. வேணாம். நார்வேல 11 ஆஸ்பத்திரில ஆர்க்டிக்னு ஒரு ட்ரையல் பண்ணாங்க, 2016ல வந்துச்சு, புதுசா முடக்குவாதம் வந்தவங்கள்ல பாதி பேருக்கு ஒவ்வொரு விசிட்லயும் ஸ்கேன் பாத்து மருந்த கூட்டுனாங்க, மீதி பேருக்கு கையால தொட்டு பாத்தும் ரத்த டெஸ்ட் வெச்சும் மட்டும். ரெண்டு வருஷத்துல நினைச்ச அளவு குணம் ஸ்கேன் குரூப்ல 22 சதவீதம், மத்த குரூப்ல 19, அதாவது பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஸ்கேன் குரூப்ல விலை கூடின மருந்து அதிகம் போச்சு. அதனால நோயா இல்லையான்னு குழப்பம் இருக்கறப்ப எடுக்கறது தான் சரி, உங்களுக்கு இப்ப இருக்கற மாதிரி.

அந்த வலி மாத்திரைய இன்னும் போட்டுட்டு இருக்கீங்களா, இடையில ஸ்டீராய்டு ஊசி ஏதாவது போட்டாங்களா? ரெண்டுமே டாப்ளர்ல வர்ற சிவப்ப மறைச்சிடும், அதனால எத்தன நாள் முன்னாடி நிறுத்தணும்னு ஸ்கேன் எழுதி குடுத்த டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க, ஸ்டீராய்டு மாத்திரையா இருந்தா நீங்களா திடீர்னு நிறுத்தக்கூடாது. ரெண்டு கையும் மணிக்கட்டும் சேத்து பாக்க சொல்லுங்க, ரிப்போர்ட்ல டாப்ளர் மார்க் எழுதியிருக்கான்னு பாருங்க, போறப்ப மோதிரத்த வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு போங்க, வீங்குன விரல்ல அங்க போய் கழட்டறது பெரும்பாடு.