டூப்ளெக்சர் வாங்காமல் ரிப்பீட்டர் அமைக்க முடியுமா?

கேள்வி: ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் பெற்றிருக்கிறேன். இரண்டு பாவ்ஃபெங் யுவி-5ஆர் ஹேண்டிகளை (வாக்கி-டாக்கி) ஒரு கேபிளால் இணைத்து, 145.025 மெகாஹெர்ட்ஸில் வாங்கி 145.625-ல் அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை மொட்டை மாடியில் வைத்தேன். பக்கத்துத் தெருவில் இருந்து பேசினால் வேலை செய்கிறது. 2 கிலோமீட்டர் தள்ளிப் பேசினால் படபடவென்று திறந்து மூடுகிறதே தவிர, குரல் வருவதில்லை. ஹேண்டி பழுதா? வாங்கும் சிக்னலையும் அனுப்பும் சிக்னலையும் பிரித்துவைக்கும் டூப்ளெக்சர் வாங்கக் கையில் காசில்லை.

பதில்: ஹேண்டி பழுதில்லை. உங்கள் டிரான்ஸ்மிட்டர் உங்கள் ரிசீவரையே செவிடாக்குகிறது. தொலைவில் இருந்து மெல்லிய சிக்னல் வருகிறது, ஸ்க்வெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் கதவு) திறக்கிறது, டிரான்ஸ்மிட்டர் எழுகிறது. எழுந்த நொடியிலேயே ரிசீவரின் கூர்மை போய்விடுவதால் வந்த சிக்னல் மறைந்து ஸ்க்வெல்ச் மூடுகிறது. டிரான்ஸ்மிட்டர் அணைந்ததும் கூர்மை திரும்புகிறது, மறுபடியும் திறக்கிறது. நீங்கள் கேட்கும் படபடப்பு இதுதான். பக்கத்துத் தெரு சிக்னல் வலுவாக இருப்பதால் செவிட்டுக் காதிலும் விழுகிறது.

சிக்னல் வலுவை டிபிஎம்-ல் (ஒரு மில்லிவாட்டை ஒப்பிட்ட டெசிபல்) பார்ப்போம். ஹேண்டி அனுப்பும் 4 வாட் என்பது 36 டிபிஎம். ரிசீவர் கேட்க வேண்டிய 0.2 மைக்ரோவோல்ட் என்பது ஏறக்குறைய மைனஸ் 121 டிபிஎம். இடைவெளி 157 டெசிபல். இதில் ஒரு பகுதியை ரிசீவரே தடுத்துக்கொள்ளும். மிச்சத்தை நீங்கள்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் இரண்டு அதிர்வெண்களுக்கும் நடுவே உள்ள 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு, வாகனத்தில் பொருத்தும் நல்ல மொபைல் ரேடியோ செட்டுகளாக இருந்தாலும் 80 டெசிபல் அளவுக்குப் பிரிப்பு தேவை. ரிசீவரின் முன்பகுதி பலவீனமான மலிவு ஹேண்டிக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே செட்டு மலிவாக இருக்கலாம், பிரிப்பில் சிக்கனம் பார்க்க முடியாது.

இரண்டு ஆன்டெனாக்களையும் ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாக நேர்கோட்டில் வைத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் இடைவெளிக்கு சுமார் 55 டெசிபல் கிடைக்கும், 20 மீட்டருக்கு 67, 30 மீட்டருக்கு 74. பக்கவாட்டில் 30 மீட்டர் தள்ளினாலும் 45தான். மொட்டை மாடியில் இது கட்டுப்படியாகாது. சந்தையில் கிடைக்கும் கையடக்கத் தட்டை டூப்ளெக்சரையும் இதற்கு வாங்கிவிடாதீர்கள். அது 5 மெகாஹெர்ட்ஸ் போன்ற அகன்ற இடைவெளிக்கானது. 600 கிலோஹெர்ட்ஸைப் பிரிக்க அரை மீட்டர் உயரமுள்ள நான்கு முதல் ஆறு கேவிட்டிகள் (ஒரே அதிர்வெண்ணுக்கு இசைத்த உலோக உருளைகள்) வேண்டும்.

உங்கள் பட்ஜெட்டுக்கு ஏற்றது கிராஸ்பேண்ட்: வாங்குவது விஎச்எஃப் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), அனுப்புவது யுஎச்எஃப் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்). இந்தத் திசையை மாற்றிவிடாதீர்கள். 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435. விஎச்எஃப்-ல் அனுப்பினால் அதன் மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கசியும் சிக்னல்) நேராக யுஎச்எஃப் பேண்டில் போய் விழும், மலிவு ஹேண்டியில் அந்த ஹார்மோனிக் பெரிதாகவே இருக்கும். யுஎச்எஃப்-ல் அனுப்பினால் ஹார்மோனிக்குகள் எல்லாம் மேலே போய்விடும், 145-க்குத் தொல்லை இல்லை.

அதிர்வெண் தேர்வில் கவனம் தேவை. 145.8-க்கு மேலும், 435 முதல் 438 வரையிலும் செயற்கைக்கோள்களுக்கான பகுதி. 433.92-ஐச் சுற்றி ரிமோட் சாவிகளின் இரைச்சல். இந்தியாவில் நமக்கு யுஎச்எஃப்-ல் இருப்பது 434 முதல் 438 வரைதான். ஆகவே அனுப்ப 434.5-க்கும் 434.9-க்கும் இடையில் காலியான ஓர் இடம் பாருங்கள். வாங்குவதற்கு இப்போதுள்ள 145.025-ஐயே வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்துவோர் தங்கள் இரட்டை பேண்ட் ஹேண்டியில் ஒரே மெமரி சேனலில் ரிசீவ் யுஎச்எஃப், டிரான்ஸ்மிட் விஎச்எஃப் என்று பதிந்துகொண்டால் போதும்.

ஆன்டெனாவைக் கையாலேயே செய்துகொள்ளலாம். எஸ்ஓ-239 சாக்கெட்டில் 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி: விஎச்எஃப்-க்கு நடுக்கம்பி 49 சென்டிமீட்டர், 45 டிகிரி கீழே வளைத்த நான்கு ரேடியல்கள் (சாக்கெட்டின் உடலோடு சேரும் பக்கக் கம்பிகள்) 51 சென்டிமீட்டர். யுஎச்எஃப்-க்கு நடுக்கம்பி 16.4, ரேடியல்கள் 17. சற்று நீளமாக வெட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா திருப்பியனுப்பும் சக்தியைக் காட்டும் அளவு) பார்த்துக் குறைத்து வாருங்கள். ரிசீவ் ஆன்டெனா மேலே, டிரான்ஸ்மிட் ஆன்டெனா 4 மீட்டர் கீழே. ரிசீவர் கேபிளில் ஒரு 144/430 டைப்ளெக்சரின் விஎச்எஃப் பக்கத்தைப் போட்டு, அதன் யுஎச்எஃப் முனையை 50 ஓமில் முடித்துவிட்டால் பிரிப்பு இன்னும் உயரும். டைப்ளெக்சர் வேறு, டூப்ளெக்சர் வேறு. முன்னது இரண்டு பேண்டுகளை மட்டும் பிரிப்பது, விலை குறைவு.

கேபிளில்தான் பலர் தோற்கிறார்கள். ஆர்ஜி-58-ல் 30 மீட்டர் ஓட்டினால் விஎச்எஃப்-லேயே 6 டெசிபல் போகும், அதாவது முக்கால் பங்கு சக்தி. பழைய செல்போன் டவர்களில் இருந்து கழற்றிய அரை அங்குல ஃபீடர் கேபிள் கிடைத்தால் விடாதீர்கள். பெட்டிக்குள் இரட்டைப் பின்னல் கொண்ட ஆர்ஜி-223 அல்லது ஆர்ஜி-142 மட்டும்.

இனி இணைப்பு. விஓஎக்ஸ் முறையை (ஒலி கேட்டதும் தானே அனுப்பத் தொடங்குவது) நம்பாதீர்கள். முதல் எழுத்தை விழுங்கும், ஸ்க்வெல்ச் இரைச்சலுக்கும் எழும். ரிசீவர் ஹேண்டியைத் திறந்து, பச்சை எல்இடி எரியும்போது மாறும் வோல்டேஜை எடுத்து ஆர்டுவினோ நானோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொடுங்கள். ரிசீவரில் டோன் (குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலிக்குறி, அது இருந்தால்தான் ரிசீவர் ஒலியைத் திறக்கும்) வைத்துவிட்டு, டோன் இல்லாமல் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அப்போதும் எல்இடி எரிந்தால் அந்த இடம் உதவாது, ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரை இயக்கும் கோட்டில் இருந்து எடுக்க வேண்டும். ஆர்டுவினோ ஒரு பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளி வழியே இயங்கும் சுவிட்ச்) வழியாக பிடிடி-ஐ (அழுத்திப் பேசும் பொத்தான்) இயக்கட்டும். அனுப்பும் ஹேண்டியில் ஹெட்செட் பிளக்குகள் இரண்டின் ஸ்லீவ்களும் (அடி உலோகப் பகுதி) ஒன்றோடொன்று சேர்ந்தால் பிடிடி இயங்கும்.

ஆடியோவுக்குப் பழைய டயல்-அப் மோடத்தில் இருக்கும் 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் அருமையான பொருள். கிரவுண்ட் லூப் ஹம்மை அடியோடு வெட்டும். அதன் வெளியீட்டில் 47 கிலோஓம் ரெசிஸ்டர் தொடராக, பிறகு 1 கிலோஓம் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), பிரீசெட்டின் நடுக்காலில் இருந்து 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மைக். ஸ்பீக்கரின் ஒரு வோல்டை மைக் கேட்கும் சில மில்லிவோல்டாக இறக்க இவ்வளவு தேவை. நேராக இணைத்தால் குரல் கரகரத்துச் சிதையும். மூன்றாவது ஹேண்டியில் கேட்டு, நேரடிக் குரலும் ரிப்பீட்டர் குரலும் ஒரே அளவாகும் வரை பிரீசெட்டைத் திருப்புங்கள்.

நிரலில் மூன்று வேலைகள்: ஸ்க்வெல்ச் மூடிய பின் 1 நொடி ஹேங் (அணையாமல் காத்திருப்பது), 3 நிமிடத்தில் டைம்-அவுட் (தானே நிறுத்திக்கொள்வது), 10 நிமிடத்துக்கு ஒருமுறை மோர்ஸில் அழைப்புக்குறி. ஆர்டுவினோ உறைந்துபோனால் ஹேண்டியே நிறுத்திக்கொள்ள மெனு 9-ல் டைம்-அவுட்டை 240 நொடியாக வையுங்கள். மெனு 3-ல் பேட்டரி சேவ், 7-ல் இரட்டைக் காத்திருப்பு, 8-ல் பீப் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சேவ் இயங்கினால் ரிசீவர் இடையிடையே உறங்கும், முதல் சொல் போய்விடும். ரிசீவ் பக்கம் 88.5 ஹெர்ட்ஸ் போல ஒரு டோன் கட்டாயம்.

அனுப்பும் ஹேண்டியை 1 வாட்டிலேயே ஓட்டுங்கள். ஓயாமல் அனுப்புவதற்காகச் செய்த கருவி அல்ல அது. 4 வாட்டில் நம் ஊர் வெயிலில் இறுதி டிரான்சிஸ்டர் சீக்கிரமே போகும். சக்தியை விட உயரம்தான் தூரம் தரும்: 15 மீட்டர் உயரத்தின் ரேடியோ அடிவானம் சுமார் 16 கிலோமீட்டர், 300 மீட்டர் குன்றுக்கு 71. ஊருக்குள் கட்டடங்கள் இதைக் கணிசமாகக் குறைக்கும். பின்னால் வசதி வந்தால் மோட்டரோலா ஜிஎம்300 போன்ற பழைய மொபைல் செட்டுகள் இரண்டு வாங்குங்கள். பின்புறம் 16 பின் சாக்கெட் இருக்கிறது, பிடிடி 3-வது பின், கிரவுண்ட் 7, ரிசீவ் ஆடியோ 11. எல்இடி தேடித் திறக்கும் வேலையே இல்லை.

கட்டி முடித்ததும் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். நண்பரைத் தொலைவில் நிறுத்தி, இரைச்சலோடு அரைகுறையாகக் கேட்கும் அளவுக்குச் சிக்னல் அனுப்பச் சொல்லுங்கள். ரிசீவர் ஸ்பீக்கரைக் கேட்டபடியே டிரான்ஸ்மிட்டரைக் கையால் இயக்குங்கள். முதலில் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (சக்தியை வெளியே விடாமல் விழுங்கும் 50 ஓம் ரெசிஸ்டர்). அப்போதே இரைச்சல் கூடினால் கசிவு பெட்டிக்குள் இருக்கிறது: இரண்டு ஹேண்டிகளையும் தனித்தனித் தகரப் பெட்டியில் அடைத்து, வெளிவரும் ஒவ்வொரு வயரிலும் ஃபெரைட் வளையமும் 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். டம்மி லோடில் சுத்தமாக இருந்து ஆன்டெனாவில் மட்டும் கூடினால் ஆன்டெனா இடைவெளி போதவில்லை. டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போதே இரைச்சல் என்றால் காரணம் வெளியில்: எஸ்எம்பிஎஸ் (சார்ஜர், கணினி போன்றவற்றின் மின்வழங்கி), எல்இடி விளக்கு, சோலார் கன்ட்ரோலர், அல்லது கொடைக்கானலின் 100.5 போல அருகில் ஒரு எஃப்எம் கோபுரம். கடைசியதற்கு 88–108 தடுப்பு ஃபில்டர் வேண்டும்.

சோதனையை நீங்கள் பக்கத்தில் இருந்து குறைந்த சக்தியில் செய்யுங்கள். தனிநபர் உரிமம் ஆளில்லா ரிப்பீட்டருக்கும் செல்லும் என்று எண்ணி அதை ஓடவிட்டுப் போய்விட வேண்டாம். வயர்லெஸ் உரிமம் வழங்கும் மத்திய அரசுப் பிரிவான டபிள்யூபிசி-க்கு எழுதி, இடம், அதிர்வெண், சக்தி மூன்றுக்கும் அனுமதி பெற்று, உங்கள் பகுதி ஹாம் சங்கத்திடம் அதிர்வெண் மோதல் இல்லை என்று உறுதிசெய்த பிறகே நிரந்தரமாக ஏற்றுங்கள்.