ஆசிரியப் பணியில் இருந்தபடியே முனைவர் பட்டம் பெறலாமா?

கேள்வி: தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எம்.ஏ. உளவியலும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன். நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளைப் பார்த்து, கல்வி உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். வேலையை விடாமல் செய்ய முடியுமா? பட்டம் பெற்றபின் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை நானே வழங்கலாமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வழங்க இயலாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் தொடர்ந்து திணறவைக்கும் கற்றல் குறைபாட்டையும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதற்கான சான்றிதழை அரசு அறிவித்த மருத்துவ அமைப்புதான் தர முடியும். பிள்ளைகளைச் சோதித்து மதிப்பிடும் மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவுக்குரிய தனிப் படிப்பை முடிக்க வேண்டும். முனைவர் பட்டம் ஆய்வுக்கானது. அமெரிக்காவில் பள்ளி உளவியல் முனைவர் மாணவர்கள் குறைந்தது 1,500 மணி நேரக் களப்பயிற்சி பெற வேண்டும் என அத்துறையின் தேசியச் சங்கம் வகுத்திருக்கிறது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் அப்படியொரு கட்டாயம் இல்லை.

வேலையை விடத் தேவையில்லை. அக்குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. பணிபுரியும் இடத்திலிருந்து ஆய்வு செய்ய ஆட்சேபம் இல்லை என்னும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. குறைந்தது 3 ஆண்டுகள் ஆகும். இடையே பாடப்பணி வகுப்புகளுக்கும் செல்ல வேண்டியிருக்கும் என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஆய்வை வழிநடத்தும் நெறியாளரைத் தேடும் முன் உங்கள் கேள்வியைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். என் பார்வையில் இதுவே எல்லாவற்றையும்விட முக்கியம். "படிக்கத் திணறுகிறார்கள்" என்பது ஆய்வுக்குப் போதாது. 'கெ', 'கே' என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறிகள் இருபுறமும் சூழ்கின்றன. இந்த இடத்தில்தான் பிள்ளை தடுக்கி விழுகிறதா? வீட்டில் "போவுது" என்று பேசும் பிள்ளைக்குப் புத்தகத்தின் "செல்கிறது" அந்நியமாக இருப்பதா காரணம்? வீட்டில் தெலுங்கு பேசுவதாலா? அல்லது முதலிரண்டு வகுப்புகளில் பள்ளிக்கு ஒழுங்காக வராமல் அடிப்படையே விட்டுப்போயிற்றா? இவற்றைப் பிரித்தறியாமல் எல்லாப் பிள்ளைகளையும் கற்றல் குறைபாடு உடையவர்கள் என்று முத்திரை குத்தினால், கற்பித்தலில் நேர்ந்த குறையைக் குழந்தையின் மூளைமேல் சுமத்தியவர்களாகிவிடுவோம். தமிழ் எழுத்துமுறையை மனத்தில் வைத்து எழுப்பப்படும் இத்தகைய கேள்விகளை, நாள்தோறும் பிள்ளைகள் படிப்பதைக் கேட்கும் உங்களைப் போன்ற ஆசிரியர்தான் முன்னெடுக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். துறைமுகத்திலோ மீன்பிடித் துறையிலோ உழைத்துத் திரும்பும் ஒரு பெற்றோரிடம், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சரே ஒப்புதல் படிவத்தை நீட்டினால் அவர் மறுக்கத் தயங்குவார். வேறொரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு நேராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற்று, படிவத்தை எளிய தமிழில் வாசித்துக் காட்டி, மறுத்தாலும் பிள்ளைக்கு எந்த இழப்பும் இல்லை என்பதைச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்குங்கள்.