டேப்ப மூடிட்டா சர்வர்ல இருக்கிற த்ரெட் என்ன ஆகும்?

கேள்வி: ரிப்போர்ட் லோடு ஆகுறதுக்குள்ள யூசர் டேப்ப மூடிட்டார். அந்த வேலைய ஓட்டிட்டிருந்த த்ரெட் (சர்வர்ல ஒரு நேரத்துல ஒரு வேலைய பாக்குற ஆள் மாதிரி) உடனே ஃப்ரீ ஆயிடுமா? மைக்ரோசாஃப்டோட வெப் ஃப்ரேம்வொர்க் ஏஎஸ்பி.நெட் கோர் யூஸ் பண்றோம்.

டேப்ப மூடினதுக்காக ஆகாதுங்க. கனெக்ஷன் அறுந்தது தெரிஞ்சா அதோட வெப் சர்வரான கெஸ்ட்ரல், ரிக்வெஸ்ட்அபார்ட்டட்ங்கிற டோக்கன்ல (கேன்சல் ஆச்சான்னு காட்டுற கொடி மாதிரி) ஆள் போயிட்டார்னு ஒரு தகவல் மட்டும்தான் போடும், அத நம்ம கோடு பாக்கலேன்னா வேலை முழுசா முடியுற வரைக்கும் ஓடிட்டேதான் இருக்கும், பந்தில ஆளே இல்லாத இலைக்குப் பரிமாறுற மாதிரி. அதனால ரிக்வெஸ்ட்ட முதல்ல வாங்குற ஆக்ஷன் மெத்தட்லயே அந்த டோக்கன கேன்சலேஷன்டோக்கன்ங்கிற பாராமீட்டரா வாங்கி, டேட்டாபேஸ்ல கேக்குற டூலிஸ்ட்அசிங்க் வரைக்கும் கை மாத்திக் கை மாத்திக் குடுத்துட்டே போங்க, நடுவுல ஒரு மெத்தட்ல விட்டுட்டீங்கன்னா அதுக்குக் கீழ இருக்கிற எதுக்கும் விஷயமே தெரியாது. இன்னொண்ணு, ஒழுங்கா அவெய்ட் (த்ரெட்ட புடிச்சு வைக்காம பதிலுக்குக் காத்திருக்கிற முறை) போட்டிருந்தா டேட்டாபேஸ் பதில் வர்ற வரைக்கும் த்ரெட் சும்மா நிக்காது, பூலுக்கு, அதாவது அடுத்த வேலைக்குக் காத்திருக்கிற த்ரெட்ங்க கூட்டத்துக்கு, திரும்பிடும். மாட்டிட்டு நிக்கிறது டேட்டாபேஸ் கனெக்ஷன்தான், எஸ்க்யூஎல் சர்வர் டிரைவர்ல அது டிஃபால்ட்டா அதிகபட்சம் 100தான், அதுக்காகவே டோக்கன் முக்கியம்.

கேள்வி: யூசர்ங்க எஃப்5 அமுக்கிட்டே இருந்தா சைட் படுத்துடுது, ஆனா சிபியு சும்மாதான் இருக்கு?

கோடுல எங்கயோ அவெய்ட்டுக்குப் பதிலா .ரிசல்ட் இல்லேன்னா .வெய்ட் இருக்கும், அது ரெண்டும் பதில் வர்ற வரைக்கும் த்ரெட்ட நிறுத்தி வச்சிடும், தேடிப் பாருங்க. ஒவ்வொரு ரிஃப்ரெஷுக்கும் பழைய ரிக்வெஸ்ட் ஒரு த்ரெட்ட புடிச்சு வச்சிருக்கும், புதுசும் ஒண்ண புடிக்கும். பூல்ல மினிமம் த்ரெட் எண்ணிக்கை டிஃபால்ட்டா மெஷின்ல எத்தன கோரோ அத்தனதான், அதுக்கு மேல மெதுவாத்தான் சேக்கும், மத்ததெல்லாம் கியூல நிக்கும். மினிமத்த ஏத்தி விட்டா கொஞ்ச நாள் ஓடும், ஆனா நோய் போகாது.

கேள்வி: ஓடிட்டிருக்கிற த்ரெட்ட த்ரெட்.அபார்ட் போட்டு பாதிலயே கொன்னுடலாமா?

வேணாம். பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்ல ஏஎஸ்பி.நெட்டே 110 செகண்ட் டைம்அவுட் தாண்டினா அப்படித்தான் பண்ணுச்சு, கோர்ல கூப்பிட்டா எக்செப்ஷன்தான் வரும். பாதி எழுதின ஃபைல், பாதில நின்ன டேட்டா, இதெல்லாம் யார் சரி பண்றது?

கேள்வி: ஜாவா வெப் சர்வரான டாம்கேட்ல டேப்ப மூடினா?

சாதாரண சர்வ்லெட்னா (ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தர்ற ஜாவா கோடு) பதில எழுதப் போறப்பதான் பொதுவா தெரியும், கிளையன்ட்அபார்ட்எக்செப்ஷன் வரும். டிஃபால்ட் 200 த்ரெட்ல ஒண்ணு அதுவரைக்கும் போச்சு.

கேள்வி: அப்ப எல்லா இடத்துலயும் டோக்கன் குடுத்துடவா?

பணம் எடுக்கிற இடத்துல மட்டும் தயவுசெஞ்சு குடுக்காதீங்க. பேமென்ட் கேட்வேல காசு போயிருச்சு, ஆர்டர் சேவ் ஆகுறதுக்குள்ள யூசர் டேப்ப மூடிட்டார்னா பாவம் அவர் காசு தொங்கிட்டு நிக்கும். சார்ஜ் பண்ண ஆரம்பிச்சதும் கேன்சலேஷன்டோக்கன்.நன் (கேன்சலே ஆகாத டோக்கன்) போட்டுடுங்க, அந்த வேலை முடிஞ்சுதான் ஆகணும்.