வாசகர் கேள்வி – பதில்: ஓடிப்போன பிள்ளைக்கும் படலை திறக்க வேண்டும்

கேள்வி: யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்களில் வருகிறவர்களின் பைகளைத் தூக்கிக் காசு வாங்கி, இரவில் அங்கேயே படுத்துக்கொண்ட இரண்டு பையன்களைக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் ஒன்று தன் இல்லத்தில் சேர்த்திருக்கிறது. இருவரும் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள். சோற்றைக் காட்டி மதம் மாற்றிவிடுவார்களோ என்று எங்கள் வாசிகசாலையில் பேசிக்கொள்கிறார்கள். நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்தவர் என்ற முறையில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: ஐயா, திருநீறு பூசாமல் படலை தாண்டாதவள் நான். உங்கள் வாசிகசாலையின் அச்சம் எனக்கு விளங்குகிறது. 1816 இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழை போன்ற இடங்களில் விடுதிப் பாடசாலைகள் நடத்தியபோது, செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். கல்வி கிடைத்தது உண்மை. ஆனால் கொடுத்தவனின் பெயரைப் பிள்ளை சுமக்க வேண்டியிருந்ததை நான் நல்லதென்று சொல்லமாட்டேன்.

இன்று நிலைமை வேறு. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைக்கு மாற்றிடம் தேடும்போது அதன் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கவனத்தில் எடுக்கச் சொல்கிறது. அந்த இல்லம் மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா, பிள்ளைகள் நீதிமன்றக் கட்டளையோடு இருக்கிறார்களா என்று நீங்களே விசாரிக்கலாம். நேரே போய், செபத்துக்கு வர விரும்பாத பிள்ளை வராமலிருக்க முடியுமா என்றும் கேளுங்கள். நான் நன்கறிந்த ஓர் இல்லத்தில் பொறுப்பாக இருந்த அருட்சகோதரி, சைவப் பிள்ளைகளுக்குச் சைவநெறிப் பாடநூல் வாங்கிக் கொடுத்து, சாதாரண தரப் பரீட்சையில் அந்தப் பாடத்தையே எழுதவைத்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போக அயலிலிருந்த ஓர் அம்மாவை ஒழுங்கு செய்திருந்தார். கோயிலுக்குப் போய் வந்த பிள்ளைகளின் நெற்றியைப் பார்த்து அவர் முகம் சுளித்ததை நான் கண்டதில்லை.

வாசிகசாலையில் எழுந்திருக்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு: அந்தப் பையன்கள் அங்கே தரிப்பார்களா? பஸ் நிலையத்துப் பிள்ளையின் கையில் சொந்தக் காசு புழங்கியது. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வரும், எந்தக் கடையில் மிஞ்சிய கொத்துரொட்டி கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்குப் பாடம். அவனைக் கொண்டுவந்து ஐந்து மணிக்கு எழும்பு, வரிசையில் நில், காசு வைத்திருக்காதே என்றால் இரண்டாம் கிழமையே மதில் பாய்வான். நான் சொன்ன அருட்சகோதரியின் இல்லத்தில் ஒரு பையன் அப்படித்தான் திரும்பத் திரும்பப் பாய்ந்தான். ஒவ்வொரு முறையும் சிஸ்டர் பொலிசுக்கும் எனக்கும் முறைப்படி அறிவித்தார். ஆனால் அவனுடைய தகரப் பெட்டியை மட்டும் வேறு பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. அவன் திரும்பி வந்தபோதெல்லாம் பெட்டி பூட்டியபடியே இருந்தது. பிறகு கோழிக்கூட்டை அவன் பொறுப்பில் விட்டார். முட்டை விற்ற காசில் ஒரு பங்கு அவன் பெயரில் சேமிப்புப் புத்தகத்தில் ஏறியது. புத்தகத்தை அவனே வைத்துக்கொண்டான். அதன் பிறகு அவன் மதில் பாயவில்லை.

லண்டனில் தோமஸ் பர்னாடோ 1870 இல் ஸ்டெப்னியில் பையன்களுக்கு இல்லம் திறந்தார். இடமில்லை என்று ஓரிரவு திருப்பியனுப்பப்பட்ட சிறுவன் சில நாளில் தெருவில் இறந்து கிடந்தான். அதற்குப் பிறகுதான் ‘ஆதரவற்ற எந்தப் பிள்ளைக்கும் இங்கே இடம் மறுக்கப்படமாட்டாது’ என்ற பலகை வாசலில் ஏறியது. அதே நிறுவனம் பின்னாளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றிவிட்டது. வேறு பல தொண்டு நிறுவனங்களும் அதைச் செய்தன. அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளிடம் 2009 இல் அவுஸ்திரேலியப் பிரதமரும் 2010 இல் பிரித்தானியப் பிரதமரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். நல்ல மனத்தோடு செய்யப்படும் தொண்டையும் யாராவது தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். நீங்களும் மாதம் ஒரு முறையாவது அங்கே போய் அந்தப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். வெளியாட்கள் வந்து போகும் இல்லத்தில் தவறு நடப்பது கடினம்.

கோழிக்காரப் பையனைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2009 இல் தகப்பன் இல்லாமல் போனார். தாய் மறுமணம் செய்துகொண்டார். அந்த வீட்டில் அடி தாங்காமல் பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்தவன் அவன். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. சிஸ்டர் வன்னிக்குப் பஸ்ஸில் போய், கிராம அலுவலரிடம் அலைந்து, விசுவமடுப் பக்கம் அவனுடைய அம்மம்மாவைக் கண்டுபிடித்தார். அம்மம்மாவுக்குப் பேரன் மேல் ஆசை இருந்தது, கொடுக்கச் சோறு இல்லை. வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஐ.நா.வின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. இல்லத்தில் அவனுக்காகச் செலவான பணத்தை விடக் குறைந்த தொகையில் ஆடுகளும் பள்ளிக்கூடம் போகச் சைக்கிளும் வாங்கிக் கொடுத்து, நீதிமன்ற அனுமதியோடு அவனை அம்மம்மாவிடம் சேர்த்தார்கள். சேர்த்த பிறகும் நீண்ட காலம் போய்ப் பார்த்தார்கள். இப்படித் தன் இல்லத்திலிருந்தே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப் பாடுபடுகிற நிறுவனத்தை, அது எந்த மதத்தினதாக இருந்தாலும், நான் நம்புவேன்.

கேள்வி: அக்கா, அப்பாவின் ஆட்டைத் திவசத்தன்று யாழ்ப்பாணத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுக்க விரும்பினோம். அப்பாவின் படத்துக்கு முன்னால் பிள்ளைகள் தேவாரம் பாடுவதை வீடியோ எடுத்து அனுப்பக் கேட்டோம். மறுத்துவிட்டார்கள். பணம் கொடுப்பவர்களுக்கு இதுகூடச் செய்யக்கூடாதா?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: தம்பி, மறுத்த அந்த இல்லத்துக்கே கொடுங்கள். இன்றைக்கு ஒருவருடைய திவசம், நாளைக்கு இன்னொருவருடைய பிறந்தநாள் என்று, முன்பின் தெரியாதவர்களின் படங்களுக்கு முன்னால் ஆறுகிற சோற்றைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படம் முகநூலுக்குப் போகிறது, வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். இல்லத்தில் வளர்ந்த பிள்ளை என்ற பேச்சு கலியாணம் வரைக்கும் துரத்துகிற ஊர் நம்முடையது. உங்கள் மகனை இப்படி நிறுத்த விடுவீர்களா?

சாப்பாடு கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்க வன்னியிலிருந்து வரும் தாயின் பஸ் காசுக்கும், இரவில் அலறி எழும்பும் பிள்ளையோடு கூட இருக்கிற பணியாளரின் சம்பளத்துக்கும், பதினெட்டு வயது முடிந்து வெளியேறுகிறவர்களின் முதல் சில மாத அறை வாடகைக்கும் எவரும் கொடுப்பதில்லை. அப்பாவின் பெயரில் இவற்றில் ஒன்றைப் பொறுப்பெடுங்கள். இல்லத்திடம் வீடியோ கேட்பதை விட்டுக் கணக்குக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவில் இரவு பத்து மணிக்கும் ஊதுபத்தி விற்கும் சின்னப் பிள்ளைகளிடம் வாங்கலாமா?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: வாங்கவேண்டாம், விரட்டவும்வேண்டாம். பிள்ளையின் பின்னால் காசு வாங்க ஒரு பெரியவர் நிற்பார். 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இடத்தையும் நேரத்தையும் சரியாகச் சொல்லுங்கள். பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்பது 2016 இலிருந்து சட்டம். ஆகவே பாடசாலைக்குப் போகாத பிள்ளை என்று தெரிந்தால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: நான் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு முடிந்த ஒரு பையனை வேலைக்கு எடுக்கும்படி இல்லத்துச் சிஸ்டர் கேட்கிறார். சின்ன வயதில் தெருவில் களவெடுத்தவன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மனைவி பயப்படுகிறாள்.
– கடைக்காரர், சுன்னாகம்

பதில்: தம்பி, மறைக்காமல் சொன்ன சிஸ்டரை நம்புங்கள். பையனுடைய பழைய கதையை மற்ற வேலையாட்களிடம் சொல்லவேண்டாம். அது உங்களோடும் மனைவியோடும் நிற்கட்டும். காசு மேசையை முதல் நாளே அவனிடம் ஒப்படைக்கவும் வேண்டாம், அவனுக்குத் தெரியும்படி ஒளிக்கவும் வேண்டாம். கடையில் ஒரு சாமான் காணாமல் போனால் எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள், அவனிடம் முதலில் போகாதீர்கள். தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைற்றாவின் அலுவலகத்தில் பயிலுநராகப் பதிந்தால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு வழி உண்டு. அவனிடம் வேறு சான்றிதழ் இருக்காது என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் அவன் பெயரில் வங்கியில் போடுங்கள். ஊழியர் சேமலாப நிதியையும் முதல் மாதத்திலிருந்தே கட்டுங்கள்: உங்கள் பங்கு 12 வீதம், அவனுடையது 8 வீதம்.