ஒண்ணும் பண்ணாதுங்க

வணக்கம் சார்,

தெருநாய்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘நாய்ப் பயத்தில் முக்கால்வாசி காதால் கேட்டு வருவது’ என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஃப்ளாட்டில் இருக்கிறோம். இரண்டாவது மாடிக்காரர் ராட்வீலர் வாங்கி வந்திருக்கிறார். சென்ற மாதம் ஆயிரம் விளக்கு பூங்காவில் நடந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து என் ஏழு வயது மகள் லிஃப்டில் ஏற மாட்டேன் என்கிறாள். அவரிடம் சொன்னால், “ஒண்ணும் பண்ணாதுங்க, குழந்தை மாதிரி” என்று சிரிக்கிறார். மத்திய அரசே 23 இனங்கள் ஆபத்தானவை என்று பட்டியல் போட்டிருக்கிறதே, அசோசியேஷன் தடை போட முடியாதா? என் பயமும் காதால் கேட்டதுதானா?

எஸ்., மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் பயம் அந்த முக்கால்வாசியில் சேராது. 2024 மே 5 அன்று அந்தப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் காவலாளியின் ஐந்து வயது மகளின் தலையைக் கடித்துக் குதறின. காப்பாற்ற ஓடிய தாயையும் விடவில்லை. அதைப் பார்த்த ஏழு வயதுப் பெண் பயப்படாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

ஆனால் இனப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வளர்ந்த அயனாவரத்துத் தெருவில், எழுபதுகளின் கடைசியில், எமன் என்றால் அல்சேஷன்தான். முனை வீட்டு கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ போர்டு. பால்காரர் அந்த வீட்டுக்கு மட்டும் சைக்கிளைவிட்டு இறங்காமலே மணியடிப்பார். அல்சேஷன் என்ற பெயரே ஒரு மாறுவேஷம். முதல் உலகப் போருக்குப் பின் ‘ஜெர்மன்’ என்ற சொல்லே பிரிட்டனில் யாருக்கும் ஆகாமல் போனதால் ஜெர்மன் ஷெப்பர்டு அந்தப் பெயரில் உலவியது. ஓநாய் ரத்தம், ஆட்டு மந்தைக்கு ஆகாது என்று பயந்து ஆஸ்திரேலியா 1929இல் அதன் இறக்குமதியையே தடை செய்தது. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தத் தடை நின்றது. இன்று அதே நாய் ரயில் நிலையத்தில் நம் பையை மோந்து பார்த்துவிட்டுப் போகிறது, நாம் நகர்ந்து வழிவிடுகிறோம்.

பிறகு டோபர்மேன் வந்தது. அல்சேஷன் சாது ஆகிவிட்டது. டோபர்மேனுக்கு வயதானால் மூளை வளரும், மண்டையோடு வளராது, பைத்தியம் பிடித்து வளர்த்தவரையே கடிக்கும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு மாமா படம் வரைந்தே விளக்குவார். சுத்தப் புளுகு. உண்மைக் கதை இதைவிட ருசியானது: ஜெர்மனியில் அப்போல்டா என்ற ஊரில் வரி வசூலித்த டோபர்மான் என்பவர், தன் துணைக்கு உருவாக்கிய நாய் அது. வரி கேட்டு வாசலில் நிற்பவர் பக்கத்தில் எப்படிப்பட்ட நாய் வேண்டுமோ அப்படி.

என்னைக் கடித்தது இந்த இரண்டுமே இல்லை. எனக்கு ஒன்பது வயது. டியூஷன் வீட்டில் ஸ்வீட்டி என்று ஒரு வெள்ளைப் பொமேரியன். நோட்டை எடுக்கக் குனிந்தேன், கெண்டைக்காலில் பிடித்துவிட்டது. டியூஷன் டீச்சர் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, “அது ஒண்ணும் பண்ணாதுடா, நீ ஏன் காலை ஆட்டின?” என்றார். அப்போதெல்லாம் ஆட்டு மூளையில் தயாரித்த ஊசி, தொப்புளைச் சுற்றிப் பதினாலு. தினம் ஒன்றாக அப்பா அரசு மருத்துவமனைக்கு சைக்கிளில் கூட்டிப் போனார். ஏழாவது நாள் வயிற்றில் குத்த இடம் தேடினார்கள்.

இருந்தாலும் எனக்கு வந்தது நாலு பல் தடம், அவ்வளவுதான். அதே கோபம் ஐம்பது கிலோ உடம்பில் இருந்திருந்தால் கால் போயிருக்கும். இந்த வித்தியாசத்தை நாய்ப் பிரியர்கள் பலர் ஒப்புக்கொள்வதில்லை. பொமேரியன்கூடக் கடிக்கத்தான் செய்கிறது என்பார்கள். கடிக்கும், ஆனால் குதறிக் கொல்வது அபூர்வம்.

குணத்தை இனம் தீர்மானிப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு. 18,000க்கு மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் வந்த ஓர் ஆய்வில், நாய்க்கு நாய் நடத்தை மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்து, கடி குறையவில்லை என்று 2008இல் கைவிட்டது. ராட்வீலரே ராட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்களிடம் மாடு ஓட்டி, வண்டி இழுத்துக்கொண்டிருந்த நாய். பயமுறுத்த ஒரு நாய் வேண்டும் என்று தேடுகிறவர் எந்தக் காலத்திலும் இருக்கிறார். அவர் எந்த இனத்தை வாங்குகிறாரோ அதற்குக் கெட்ட பெயர். நேற்று அவர் டோபர்மேன் வைத்திருந்தார்.

சட்டம்: 23 இனங்களைப் பட்டியலிட்ட மத்திய அரசின் அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலிலேயே ரத்து செய்துவிட்டது. செல்லப்பிராணிகளுக்கு அசோசியேஷன் தடை போடக் கூடாது என்று விலங்கு நல வாரியமும் சொல்கிறது. அந்த வழியில் போகாதீர்கள்.

மாடிக்காரரிடம் இனத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். எடுத்தால் மொபைலில் நாயும் குழந்தையும் விளையாடும் வீடியோ காட்டுவார். மாநகராட்சி லைசென்ஸும் தடுப்பூசி அட்டையும் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, நாயைக் கீழே கூட்டிப் போவது யார் என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு ராட்வீலரை வாட்ச்மேன் மகன்தான் கூட்டிப் போகிறான். பையனே நாற்பது கிலோ இருந்தால் அதிகம். சங்கிலியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தபடியே ஓடுகிறான். எதிரே ஒரு பூனை வந்தால் போதும். பிடித்து நிறுத்தக்கூடிய பெரியவர் ஒருவர், வாய்க்கவசம், நாய் ஏறும்போது லிஃப்டில் வேறு ஆள் இல்லை என்று எழுதி வாங்குங்கள். நல்ல மனிதராக இருந்தால் ஒத்துக்கொள்வார், நாய்க்கும் அதுதான் பாதுகாப்பு.

அதுவரை மகள் படியில் ஏறட்டும், “பயப்படாதே” என்று இழுக்காதீர்கள். நானும் மூன்று மாடி படியில்தான் ஏறுகிறேன். லிஃப்டை ஒட்டிய வீட்டில் ஒரு பொமேரியன் இருக்கிறது.