காம்பியாவில் நின்றுபோன கொட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் பெண்ணுறுப்புச் சிதைப்புக்குத் தடை வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். 2013 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 75 பெண்கள் வெட்டப்பட்டவர்கள். 2015ல் சட்டம். 2019-20ல் 73 பேர். ஊர் மனது மாறாமல் சட்டம் போட்டு என்ன பயன்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

முதலில் அந்தக் கணக்கு. 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களிடம் கேட்டு எடுத்தது அது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சட்டம் வரும் முன்பே, சிறுவயதில் வெட்டியாகிவிட்டது. சட்டத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அந்தக் கணக்குக்குள் வரவே 2030ஐத் தாண்டவேண்டும். அதை வைத்துச் சட்டம் தோற்றது என்று இப்போதே சொல்ல முடியாது.

ஆனால் நடைமுறை மாறியிருக்கிறது. முன்பு மண்டிங்கா இனத்தவரின் ஊர்களில் சிறுமிகளைக் கூட்டமாக அழைத்துப்போய் வெட்டி, சில வாரம் ஒன்றாகவே வைத்திருந்து, பாட்டும் பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் முறையும் சொல்லிக்கொடுத்து, புதுத்துணி உடுத்திக் கொட்டுமுழக்கோடு வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். இப்போது சத்தமில்லாமல் கைக்குழந்தைக்கே செய்துவிடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் முதல்முறையாக மூன்று பெண்கள் தண்டிக்கப்பட்டார்களே, அந்த வழக்கில் வெட்டுப்பட்ட எட்டுக் குழந்தைகளுக்கும் வயது நான்கு மாதத்திலிருந்து ஒன்றுக்குள். எட்டு வயதுப் பெண் என்றால் பள்ளியில் வாய்தவறியாவது சொல்லிவிடுவாள். தொட்டில் குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்?

அபராதம் ஆளுக்கு, காம்பியப் பணத்தில், 15,000 டலாசி. அதைக் கட்ட முன்வந்தவர் ஒரு பிரபல இமாம்! 2024 மார்ச்சில் தடையை நீக்கும் மசோதாவே நாடாளுமன்றத்துக்கு வந்தது. 42க்கு 4 என்ற வாக்கில் குழுவின் பரிசீலனைக்குப் போனது. குழுவின் முன் மருத்துவர்களும் வெட்டுப்பட்ட பெண்களும் பேசிய பிறகு, ஜூலை 15ல் அதே அவை அதை நிராகரித்தது.

சரி, ஊர் மனதுக்கு வருவோம். மண்டிங்கா மொழியில் வெட்டப்படாதவளுக்குப் பெயர் ‘சோலிமா’. முறை தெரியாதவள், விவரமில்லாதவள் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். நல்ல வசவு. அங்கே ஆய்வு செய்தவர்கள் சொல்வதைப் பார்த்தால், மாப்பிள்ளை கிடைக்காது என்பதைவிடப் புகுந்த வீட்டுப் பெண்கள் தங்களோடு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் பெரிய பயம். மாமியாரை எதிர்த்து, “எனக்கு இதில் நம்பிக்கை இல்லை” என்று எந்த மருமகளும் சொல்லிவிட முடியாது. “போலீஸ் பிடிக்கும் அத்தை” என்று சொல்லலாம். சட்டத்தின் பெரிய உபயோகமே இந்தச் சாக்குதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. கொட்டு அடித்தவரை எந்தப் பெண் வெட்டப்பட்டவள் என்று ஊருக்கே தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு செய்யும்போது, செய்தார்களா விட்டார்களா என்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. விட்டுவிட நினைக்கும் தாய்க்கு அது ஒரு மறைவு.

2025 ஆகஸ்டில் காம்பியாவின் வெலிங்காரா என்ற ஊரில் ஒரு மாதக் குழந்தை வெட்டுப்பட்டு இறந்ததும் அப்படிச் சாத்திய கதவுக்குள்தான்.